முன்னாடி போனவன்

இல்ல தம்பி, கதவச் சாத்தாதீங்க. கல்லெறிய வரல நான். கையப் பாருங்க, ஒண்ணும் இல்ல. துணியில சுத்தி ஒரு ரொட்டி, அவ்வளவுதான். கடையில உங்களுக்கு ரொட்டி குடுக்கறதில்லையாமே, கேள்விப்பட்டேன். வீட்ல சுட்டது, அதுல ஒண்ணு எடுத்தாந்தேன்.

தெரியுதா என்னை? கதம்ஷோ. சாம்பக் கலர் சீன வேன். ஜனவரி கடைசியில போன் பேசிக்கிட்டே ஓட்டறேன்னு போலீஸ் சாவடி தாண்டி மறிச்சு அபராதச் சீட்டு எழுதுனீங்களே, அந்த ஆளு.

ம். தெரியாம எப்படி இருக்கும்? ஊரே அந்தச் சீட்டப் பத்திதான பேசுது.

உக்காரட்டுமா? முட்டி வலி. அடுப்பு அணஞ்சு கெடக்கே... ஓ, பெட்டி கட்டிட்டீங்க. வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிட்டானா, நீங்களே கெளம்பறீங்களா? ரெண்டுமா. சரி. பரவால்ல, அடுப்பு வேணாம், எனக்குக் குளுரல. இப்பல்லாம் குளுரே தெரியறதில்ல எனக்கு. நேத்து கையுறை போடாம முழுநாளும் ஓட்டியிருக்கேன், என் பொஞ்சாதி லோலாமோ சொல்லித்தான் கையப் பாத்தேன். நீலமா இருந்துச்சு.

மேசையில இருக்கற காகிதம் என்ன, ராஜினாமாவா? படிக்கல தம்பி, தலைப்பு மட்டும் கண்ணுல பட்டுச்சு. மலிக்ஷோன்னு கையெழுத்து அழகா போட்டிருக்கீங்க. அன்னிக்குச் சீட்டுலயும் இதே மாதிரிதான் இருந்துச்சு. நின்னு நெதானமா எழுதுனீங்க. உங்க எடத்துல வேற ஆளா இருந்தா, போய்த் தொலை பெரிசு, இனிமே பேசாதன்னு திட்டி விட்டிருப்பான். நீங்க சட்டப் புத்தகத்தத் தொறந்து விரல வச்சுக் காட்டுனீங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, கோவமும் வந்துச்சு. இருபத்திநாலு வயசு இருக்குமா உங்களுக்கு? இருபத்தி மூணா. வாகான் பள்ளத்தாக்குல எந்த ஊரு? அங்க அம்மா மட்டுமா. ம்.

நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா? இந்த ரோட்ல போன் இல்லாம ஓட்ட முடியாது தம்பி, மேல கல்லு உருண்டா ஆண்டவனா கூப்பிட்டுச் சொல்லுவாரு, அக்நசர்தான் கூப்பிட்டுச் சொல்லணும்னேன். நீங்க, அக்நசர் யாருன்னு கேட்டீங்க. முன்னாடி போற வேன்காரன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். கூட்டாளின்னு சொல்லல. அப்ப எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல.

பதினெட்டு வருஷம் தம்பி. கோரோக் டவுன் சந்தையில கெளம்பி குந்த் ஆத்த ஒட்டி மேல எங்க ஊரு வரைக்கும், நானும் அவனும். அவனுக்கு வெள்ள வேன், எனக்குச் சாம்ப வேன். ஒரு நாள் அவன் முன்னாடி, ஒரு நாள் நான் முன்னாடி. முன்னாடி போறவன் பின்னாடி வர்றவனுக்குக் கூப்பிட்டுச் சொல்லணும். யாரும் உக்காந்து பேசி வச்சதில்ல, அப்படியே வந்துருச்சு. வளைவுல ஐஸு, மெதுவா வா. மேல மாடு நிக்குது. லாரி ஒண்ணு குறுக்க சாஞ்சு கெடக்கு, டீய குடிச்சுட்டே கெளம்பு. இப்படி. சில நாள் ஒண்ணுமே இருக்காது, சும்மா கூப்பிட்டு, ரோடு நல்லாருக்கு, உன் மூஞ்சிதான் நல்லால்லன்னுட்டு வச்சுடுவான். என் வீட்டு உத்தரத்த அவன்தான் தோள் குடுத்துத் தூக்கினான். அவன் கல்யாணத்துக்கு சவ்சன என் வண்டியிலதான் கூட்டியாந்தோம். அப்ப என்கிட்ட பழைய ருஷ்ய ஜீப்பு இருந்துச்சு, பாதி வழியில நின்னு போய், பொண்ணே எறங்கித் தள்ளுனா. வெள்ள உடுப்போட. அத இன்னும் சொல்லிச் சிரிப்பா... சிரிச்சுக்கிட்டிருந்தா.

என்ன சண்டையா? சொன்னா வெக்கக்கேடு. டயரு.

ஜனவரி பாதியில சந்தையில நிக்கறேன். அன்னிக்கு என் முறை. அஞ்சு பேரு ஏறியாச்சு, அதுல பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி, கைக்கொழந்தையோட. அக்நசர் வந்தான். சும்மா வண்டியச் சுத்தி நடந்தான், முன் டயர ஒரு ஒத ஒதச்சான், குனிஞ்சு தடவிப் பாத்தான். அப்புறம் எல்லாருக்கும் கேக்கற மாதிரி, ஏம்மா டீச்சரு, பச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு இந்த டயர்லயா ஏறுன, இது என் தலைய விட மொட்டையா இருக்கே, எறங்கி என் வண்டிக்கு வான்னுட்டான். சந்தையே சிரிச்சுச்சு. பழக்கடைக்காரி கண்ணத் தொடச்சுக்கிட்டுச் சிரிக்கறா. அஞ்சு பேரும் எறங்கிப் போயிட்டாங்க.

டயர் மொட்டதான். அதுல பொய் இல்ல. அவன் சொன்னது சரிதான். சரியாச் சொன்னதுதான் எனக்கு ஆகல. தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தா நானே எறக்கி விட்டிருப்பேன். மறுநாள்லேர்ந்து எனக்குப் பேரே மொட்ட டயர் கதம்ஷோ. சின்னப் பசங்க வரைக்கும். ரெண்டு நாள் கழிச்சு அவன் தம்பிக்காரன்கிட்ட ரெண்டு டயர் குடுத்து விட்டிருந்தான். புதுசில்ல, ஆனா நல்ல டயரு. நான் உருட்டியே அவன் வாசல்ல கொண்டு போய்ப் போட்டுட்டு வந்தேன். சவ்சன் ஜன்னல்ல நின்னு பாத்தா. நான் சலாம் கூடச் சொல்லல.

அப்புறம் பதினோரு நாள் போன் இல்ல. நான் முன்னாடி போனாலும் இல்ல, அவன் முன்னாடி போனாலும் இல்ல. ரோட்ல எதிர்க்க வந்தா மூஞ்சிய ஆத்துப் பக்கம் திருப்பிக்குவேன். அவன் ஆரன் அடிப்பான். ஒவ்வொரு தரமும் அடிப்பான். நான் அடிக்க மாட்டேன்.

ரொட்டியப் பிச்சுச் சாப்பிடுங்க தம்பி. எனக்கு வேணாம். சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். சாப்பிட்டேன்னுதான் நெனக்கறேன். காலையில லோலாமோ உப்பு டீயில ரொட்டியப் பிச்சுப் போட்டு, மேல வெண்ணெய் போட்டுக் குடுத்தா. கிண்ணம் காலியாத்தான் இருந்துச்சு.

சீட்டு எழுதுன அன்னிக்கு வர்றேன். அன்னிக்கு அவன் முன்னாடி. நான் டவுனத் தாண்டி உங்க சாவடிக்கு முன்னால வர்றேன், போன் அடிக்குது. பாத்தா அவன் பேரு. பதினோரு நாளைக்கப்புறம். எடுத்தேன். சலாம் இல்ல, பேரு இல்ல. ஒட்டகக் கழுத்துல கல்லு, ஆத்துப் பக்கமா ஒதுங்கிப் போ. அவ்வளவுதான். நான் ம்னு சொன்னேன். வச்சுட்டான்.

இப்ப ஒண்ணு சொல்றேன், இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க என்னை மறிக்கறப்போ போன்ல யாரும் இல்ல தம்பி. அவன் வச்சு ஒரு நிமிஷத்துக்கு மேல ஆயிடுச்சு. நான்தான் காதுலயே வச்சுக்கிட்டு ஓட்டிக்கிட்டிருந்தேன். வேற ஏதாவது சொல்லுவானோன்னு. வச்சுட்டான்னு தெரியும், இருந்தாலும் எடுக்கத் தோணல. நீங்க குச்சிய நீட்டினப்பதான் எறக்குனேன்.

ஆமா, எழுத வேண்டிய சீட்டுதான். நான் இல்லன்னு சொல்லவே இல்லையே.

அன்னிக்கு அந்த ஒட்டகக் கழுத்து வளைவுக்குப் போனா, நெசமாவே கல்லு. ஒண்ணு, நல்லா வளந்த ஆடு படுத்துக் கெடக்கற மாதிரி. அவன் சொல்லாம இருந்திருந்தா நேரா போய் முட்டியிருப்பேன், இல்லன்னா ஆத்துல எறங்கியிருப்பேன். ஒதுங்கிப் போனேன். ஊருக்குப் போனதும் என்ன சொன்னேன் தெரியுமா? அக்நசரால எனக்கு அபராதம்னு சொன்னேன். கடையில, தொழுகைக்குக் கூடற ஜமாத்கானா வாசல்ல, எல்லாத்துக்கிட்டயும். கல்லப் பத்திச் சொல்லல. அவன் காதுக்குப் போயிருக்கு. அபராதத்த நான் கட்டறேன்னு சொல்லச் சொல்லி ஆளனுப்பினான். உன் காசு யாருக்கு வேணும்னு திருப்பி அனுப்பிட்டேன்.

அவ்வளவு நல்லவன எதுக்குடா மொறச்சுக்கிட்டேன்னு பாக்கறீங்க. நல்லவன்கூட மொறச்சுக்கிட்டாத்தான் தம்பி சீக்கிரம் எறங்க முடியாது. கெட்டவன்னா நாலாம் நாள் மறந்துடலாம்.

பிப்ரவரி ஆறு. அன்னிக்கு நான் முன்னாடி.

மூணு நாளா பனி கொட்டி, அன்னிக்குத்தான் வெயில் அடிச்சுச்சு. நல்ல வெயிலு. அப்படி வெயிலடிச்சாத்தான் எங்களுக்குப் பயம், உங்க ஊர்லயும் அப்படித்தான இருக்கும். எனக்கு ரெண்டு பொம்பளைங்க சவாரி, பள்ளிக்கூடத்துக்கிட்ட எறங்கிட்டாங்க. அதுக்கு மேல நான் தனி. அக்நசருக்கு அன்னிக்கு ஆளே கெடைக்கல. கடைக்கு மாவு மூட்டையும் சீம எண்ணெயும் ஏத்திக்கிட்டு அர மணி நேரம் பின்னாடி கெளம்பினான். அவனும் தனி. அது ஒண்ணுதான்... அந்த டீச்சரு, கொழந்த, யாரும் இல்ல. அது ஒண்ணு.

ஒட்டகக் கழுத்துல திரும்புறேன். மேல பாத்தேன். எப்பவும் பாப்போம். மலை முகட்டுல நீட்டிக்கிட்டு நிக்குமே பனி, கூரை மாதிரி, அதுல கோடு விழுந்திருந்துச்சு. நீலக் கோடு. கீழ ஓடையில மாவு சலிச்ச மாதிரி பொடிப்பனி எறங்கிக்கிட்டிருக்கு. சத்தமே இல்ல. பதினெட்டு வருஷம் ஓட்டினவனுக்கு அதுக்கு மேல என்ன தெரியணும்? ஆக்ஸிலேட்டர மிதிச்சு அந்தண்ட போயிட்டேன். போய்க்கிட்டே இருந்தேன்.

அப்புறம் ஊருக்குப் போய், வண்டிய நிறுத்தி, வீட்டுக்குள்ள போறேன், ஆளுங்க மம்புட்டியத் தூக்கிக்கிட்டு ஓடறாங்க. எனக்கு எதிர்ல எறங்கிப் போன லாரிக்காரன் போன் பண்ணிச் சொல்லியிருக்கான், ஒட்டகக் கழுத்து மூடிப்போச்சு, வெள்ள வேன் பின்பக்கம் மட்டும் தெரியுதுன்னு. நானும் மம்புட்டியத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். நாலு மணி வரைக்கும் தோண்டினோம். பனின்னா மெத்துன்னு இருக்கும்னு நெனப்பாங்க. சரிஞ்சு விழுந்த பனி சிமெண்டு தம்பி. மம்புட்டி எகிறுது. பக்கத்துல தோண்டறவன் மூச்சு மட்டும் கேக்குது. மாவு மூட்ட கிழிஞ்சு, எது மாவு எது பனின்னு தெரியல.

அவன எடுத்துட்டாங்க. மேல கம்பளி போத்தியாச்சு. அப்பதான் சவ்சனோட அண்ணன் என் பக்கம் திரும்புனான். நீதான முன்னாடி போன. ஒண்ணும் பாக்கலயா? ஏன் கூப்பிடலன்னான்.

எல்லாரும் மம்புட்டிய ஊணிக்கிட்டு என்னையே பாக்கறாங்க. நாப்பது பேரு இருக்கும். என் வாயி, நான் சொல்லல, என் வாயி சொல்லுச்சு. போனத் தொட்டா அடுத்த தரம் லைசென்ஸப் பிடுங்கிடுவேன்னு அந்தப் புது இன்ஸ்பெக்டர் மிரட்டியிருக்கான்னு.

ஒரே ஒரு வாக்கியம். அவ்வளவுதான் தம்பி நான் சொன்னது. மிச்சத்த எல்லாம் ஊரு சொல்லிக்கிச்சு. மறுநாள் காலையில, நான் கெஞ்சினேனாம், கல்லு விழற ரோடுன்னு அழுதேனாம், நீங்க சிரிச்சீங்களாம். அதுக்கு மறுநாள், நீங்க என் போனப் பிடுங்கி ஆத்துல வீசுனீங்களாம். வீசுன போன் என் சட்டப் பையில இருக்கு, நான் அத மறுக்கல. ஒருத்தர் வந்து கதையச் சொல்றப்போ நான் தலைய ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். கேக்கக் கேக்க எனக்கே அப்படித்தான் நடந்துச்சோன்னு இருந்துச்சு.

நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்கு நல்லா தெரியும். மிரட்டல. ரெண்டாந்தரம் பிடிபட்டா சட்டப்படி லைசென்ஸு போகும் அண்ணே, எதுக்கு வம்பு, பாலத்துக்கிட்ட அகலமா எடம் இருக்குல்ல, நிறுத்திட்டுப் பேசுங்கன்னீங்க. அண்ணேன்னுதான் கூப்பிட்டீங்க. அத நான் யார்கிட்டயும் சொல்லல.

செத்தவனுக்கு மூணாம் நாள் விளக்கேத்தறதுக்கு அக்நசர் வீட்டுக்கு நீங்க வந்தீங்க. யூனிஃபாரம் இல்லாம, பச்ச ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு. சவ்சனோட அண்ணன் வாசல்லயே நெஞ்சுல கைய வச்சுத் தள்ளுனான். நான் உள்ள தூணுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தேன். அங்கேருந்து வாசல் நல்லா தெரியும். நீங்க என்னைத் தேடுனீங்க. நான் ஒரு வார்த்த சொல்லுவேன்னு பாத்தீங்க. நான் தேநீர்க் கிண்ணத்தப் பாத்துக்கிட்டிருந்தேன். அதுல ஒரு தேயிலத் தண்டு நின்னுச்சு. நேரா நின்னுச்சு. அதையே பாத்துக்கிட்டிருந்தேன்.

அப்புறம் உங்க வண்டி டயரக் குத்துனது, ஜன்னல ஒடச்சது, ரொட்டிக்கடை, எல்லாம் தெரியும். யார் யார்னும் தெரியும். நான் ஒண்ணும் பண்ணல. பண்ணவும் இல்ல, தடுக்கவும் இல்ல.

சவ்சனா? அவ எனக்கு ஆறுதல் சொல்றா தம்பி. தெனம் சாயங்காலம் போறேன், வெறகு ஒடச்சுக் குடுக்கறேன். அவ கதவுல சாஞ்சு நின்னுக்கிட்டு, நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத, நீ கூப்பிட்டிருப்ப, எனக்குத் தெரியாதா உன்னை, டயர் சண்டையெல்லாம் ஒரு சண்டையா, அந்தப் பையன்தான் உன் கையக் கட்டிப் போட்டுட்டான்ங்கறா. அவன் ஆட்டுத்தோல் கோட்டையும் எனக்குக் குடுத்துட்டா. போட்டுக்கன்னு அவளே பொத்தானப் பூட்டி விட்டா. தோள் கொஞ்சம் பெருசு எனக்கு. நவ்ரூஸ் புதுவருஷத்துக்கு எல்லா வீட்லயும் தூணுக்கு மாவுப் பூ வைக்க ஆரம்பிச்சாச்சு. அவ வீட்ல இந்த வருஷம் கெடையாது. அவ வீட்லேருந்து வெளிய வந்தா எனக்கு ஒண்ணுமே இருக்கறதில்ல. அழுகையும் இல்ல. கோடாலி போட்ட கை மரத்துப் போகுமே, அந்த மாதிரி, உள்ள.

நேத்து காகிதம் கொண்டாந்தாங்க. உங்கள இங்கருந்து மாத்தணும், வேலைய விட்டே எடுக்கணும்னு மனு. நூத்தி நாப்பது பேரு கையெழுத்து போடறதா ஏற்பாடு. முதல் கையெழுத்து என்னுதா இருக்கணும்னாங்க, சாட்சியாச்சே. படிச்சுப் பாத்தேன். ஓட்டுநர் கதம்ஷோ தன் நண்பரை எச்சரிக்கத் துடித்தும், காவலர் விடுத்த மிரட்டலால் அவரால் இயலாமற்போனதுன்னு டைப் அடிச்சிருந்துச்சு. டீச்சர்தான் எழுதிக் குடுத்தாளாம். நல்ல எழுத்து. பேசுனதுன்னா நாளைக்கு மாத்திச் சொல்லிக்கலாம். இது அப்படியே உக்காந்திருக்கு காகிதத்துல. துடித்தும். அந்த வார்த்தைய ரெண்டு மூணு தரம் படிச்சேன்.

போட்டேன். கையெழுத்து போட்டுட்டேன் தம்பி. பொய் சொல்லல உங்ககிட்ட. நேத்து மத்தியானம் போட்டேன். நாளைக்கு எடுத்துக்கிட்டு டவுனுக்கு வர்றாங்க.

இல்ல, இருங்க. நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்க? என்ன... நீங்க அந்தச் சீட்ட எழுதாம இருந்திருந்தா அவர் உயிரோட இருந்திருப்பாருன்னு... தெனமும் அதையே நெனக்கறீங்களா? தூங்கறதில்லையா? அம்மாகிட்டயும் அப்படியே சொல்லிட்டீங்களா?

இங்க பாருங்க தம்பி. அழாதீங்க. எனக்கு அழறவங்களப் பாத்தா என்ன செய்யறதுன்னு இப்ப தெரியறதில்ல. உக்காருங்க. அந்தக் கண்ணாடி டம்ளர்ல தண்ணி இருக்கு, குடிங்க.

நான் பாலத்துல நிறுத்துனேன்.

ஆமா, அன்னிக்குத்தான். வளைவத் தாண்டி அஞ்சு கிலோமீட்டர்ல. வண்டிய ஓரமா நிறுத்தி, எஞ்சின அணச்சு, பிரேக்கப் போட்டு. நல்ல வெயிலு. ஃப்ளாஸ்க்கத் தொறந்து டீ ஊத்திக்கிட்டேன். சிக்னல் ரெண்டு கோடு இருந்துச்சு, அங்க எப்பவும் இருக்கும். போன எடுத்து அவன் பேரப் பாத்து அமுத்துனேன். ஒரு ரிங்கு போச்சு. அந்த ஒரு ரிங்குல எனக்கு என்ன தோணுச்சுன்னா, எடுத்ததும் சிரிப்பானேன்னு தோணுச்சு. வந்துட்டியா மொட்ட டயருன்னு சிரிப்பான். கட் பண்ணிட்டேன்.

சாகட்டும்னு நெனக்கல. அத மட்டும் நம்புங்க. இல்ல, நம்பாட்டியும் பரவால்ல. பனி முன்னாடியே விழுந்துடும், ரோடு மூடிக்கும், அவன் அந்தப் பக்கம் நின்னு திட்டிக்கிட்டே மாவு மூட்டையோட டவுனுக்குத் திரும்பிப் போவான், ரெண்டு நாள் அங்க கெடப்பான், அப்புறம் ஏன்டா சொல்லலன்னு அவனா வந்து என்கிட்டப் பேசுவான்னு நெனச்சேன். அவனா வரணும்னு இருந்துச்சு எனக்கு.

கட் பண்ணதும் அவன் திருப்பிக் கூப்பிட்டான். போனு பக்கத்து சீட்டுல கெடந்து ஆடுது. நான் டீயக் குடிச்சுக்கிட்டே பாத்தேன். நின்னுச்சு. மறுபடியும் அடிச்சுச்சு. எடுக்கல. அப்புறம் கொஞ்ச நேரம் இல்ல. சரி, கோவிச்சுக்கிட்டான்னு நெனச்சு டம்ளரக் கழுவி வச்சேன், வண்டியத் தொடச்சேன், ஒண்ணுக்குப் போயிட்டு வந்தேன். கெளம்பப் போறப்போ இன்னொரு தரம் அடிச்சுச்சு. அது நீளமா அடிச்சுச்சு. பாதியில நின்னுச்சு. எப்பவும் முழுசா அடிச்சுத்தான் நிக்கும்.

தோண்டி எடுத்தப்போ போன் அவன் கையில இருந்துச்சு தம்பி. விரலப் பிரிக்க முடியல. உள்ளேருந்து உதவிக்குக் கூப்பிட்டிருக்கான் பாவம்னு ஊரு சொல்லுது. சவ்சனும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கா. அவன் போனு தண்ணி எறங்கிச் செத்துப் போச்சு, அதுல ஒண்ணும் பாக்க முடியாது. ஏன்டா கூப்பிட்ட, என்ன ஆச்சுன்னு கேக்கத்தான் கூப்பிட்டிருப்பான். வண்டி ஓட்டிக்கிட்டே, மேல பாக்காம.

என் போன்ல எல்லாம் இருக்கு. இன்னும் அழிக்கல. இந்தாங்க, எடுத்துப் பாருங்க. அந்த ராஜினாமா காகிதத்தத் திருப்புங்க, பின்பக்கம் வெறுமையாத்தான இருக்கு? பேனா எடுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க, அன்னிக்குச் சீட்டு எழுதுன மாதிரி நெதானமா. அடியில கையெழுத்து போட்டுத் தர்றேன். இங்கருந்து நேரா சவ்சன் வீட்டுக்குத்தான் போறேன், போனா எனக்குப் பேச வருமோ வராதோ. எழுதியிருந்தா அவ படிச்சுக்குவா.

பிப்ரவரி ஆறு. நான் கூப்பிட்டது பதினொண்ணு இருபத்தஞ்சு. ஒரு ரிங்குன்னு போட்டுக்கங்க. அவன் கூப்பிட்டது பதினொண்ணு இருபத்தாறு. பதினொண்ணு இருபத்தெட்டு. அப்புறம், பதினொண்ணு நாப்பத்தி நாலு.